இரு கட்சி முறையும் உண்மைச் சனநாயகமும்

சனநாயகம் என்னுஞ் சொல் இன்று எல்லார் நாவிலும் பயில்கின்றது. அச்சொல்லின் பொருள் யாதென வினவின், பெரும்பாலார் ஒரே விடை கூறுவர். ஆளுங் கட்சி பிடிக்கவில்லையாயின் அடுத்த தேர்தலில் அதனை இறக்கிவிட்டு மற்றக் கட்சியை ஏற்றலாம். இதுவே சனநாயகம் என்பர். இவ்விடையிலே ‘மற்றக் கட்சி’ என்பது ஒருமையில் நிற்றலைக் கவனித்தல் வேண்டும். கட்சிகள் இரண்டு; கிணற்றுத் துலாவின் இரு தலைப்புகளைப் போல ஒன்று இறங்க மற்றது ஏறும். ஆனால் துலா ஏறி இறங்குவது தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்வதற்காகவன்றோ? எல்லாப் பாத்திகளுக்கும் நீர் சென்றதா என்பதே தோட்டக்காரன் கேட்கவேண்டிய கேள்வி.

ஆள்வோரைக் குருதி சிந்தாது மாற்றும் உரிமை சிறிதன்று. அதனையும் பெறாத நாடுகள் இன்றும் பல. எனினும் அது சனநாயகத்தின் ஒரு பாதியே. சட்டம் இயற்றப்படும் அவையிலே நாட்டிலுள்ள கருத்துகள் தத்தம் அளவுக்கேற்ப இடம்பெறுதலும், எந்தத் தேர்தலிலும் பெரும்பான்மையாதல் இயலாத ஒரு பகுதியார்க்குந் தம் குறையைச் சொல்லித் தீர்வு பெறும் வழி இருத்தலும் மற்றப் பாதியாம். இரு கட்சி முறை முதற் பாதியை ஒருவாறு நிறைவேற்றுகின்றது. இரண்டாம் பாதியைக் கைவிடுகின்றது. அஃது எவ்வாறு என்பதை, அம்முறை வளர்ந்த பிரித்தானியாவையும், அதனை இரவல் பெற்ற நம் இலங்கையையுங் கொண்டு ஆராய்வாம்.

பிரித்தானியப் பொதுமக்கள் சபை, பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி நெடுங்காலம் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையிலிருந்த ஒரு தேவாலயத்திற் கூடிவந்தது. தேவாலயத்துப் பாடகர் அமர்வதற்கென எதிரெதிராக அமைந்த ஆசன வரிசைகளிலே அங்கத்தவரும் எதிரெதிராக அமர்ந்தனர். பிற்காலத்திற் கட்டப்பட்ட சபா மண்டபமும் அவ்வடிவையே பெற்றது. 1941இல் அம்மண்டபங் குண்டுவீச்சினால் அழிந்தது. அதனை மீளக் கட்டுவதுபற்றி 1943இற் பேசிய சேர்ச்சில், ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலுள்ள அரைவட்ட மண்டபம் வேண்டாம், பழைய நீள்சதுரமே வேண்டும் என வாதித்தார். அரைவட்டத்தில் ஒருவர் இடமிருந்து வலமாகச் சிறிது சிறிதாக நகர்ந்துவிடலாம். நீள்சதுரத்திலோ எல்லாருங் காண நடுத்தளத்தைக் கடந்தே செல்லவேண்டும் என்பது அவர் கூறிய காரணம். (சேர்ச்சில் தாமே இருமுறை கட்சி மாறியவர் என்பதையும் ஈண்டு நினைவுகூரலாம்.) இரு பக்கங்களுக்கு மேல் இடமில்லை என்னும் எண்ணம் அங்கே கல்லிலும் மரத்திலும் எழுதப்பட்டுள்ளது.

கல்லூரி விவாத அரங்கை அறிந்தவர்க்கு இவ்வமைப்புப் புதிதன்று. அங்கே பொருளை ஒட்டிப் பேச ஓர் அணி, வெட்டிப் பேச ஓர் அணி. எவ்வணியில் நிற்பதென்பதைச் சிலவேளை திருவுளச் சீட்டே தீர்மானிக்கும். மாணவன் தனக்கு வாய்த்த பக்கத்தைத் தன் நாவன்மையால் நிலைநாட்டுவான். எதிரணியார் கூற்றுச் சரியென்று ஒப்புக்கொண்டால் அவன் அணி தோற்கும். அறிவுக்கும் நாவுக்கும் அது நல்ல பயிற்சி. விவாதம் முடிந்தபின் இரு அணியாரும் ஒருங்கிருந்து தேநீர் அருந்திக் கலைவர், எவர்க்கும் நட்டமில்லை. நாட்டின் அவையிலோ, சரியென்று தான் அறிந்த ஒன்றை எதிரணி தவறென்று சாதிக்குமாயின், அதன் விலையை அவைக்கு வெளியே உள்ளோர் கொடுக்க நேரும்.

இனி, இரு கட்சிகள் மாத்திரம் எஞ்சுவதற்குத் தேர்தல் முறையே பெருங் காரணமாதலை விளக்குவாம். ஒரு தொகுதிக்கு ஓர் அங்கத்தவர். அதிக வாக்குப் பெற்றவர் வென்றவர். இம்முறையிலே நூறு வாக்குகளில் 40 பெற்றவர் வெல்ல, 35உம் 25உம் பெற்றவர்கள் வெறுங்கையராவர். அறுபது பேரின் வாக்கு அவையைச் சென்றடையவில்லை. அடுத்த தேர்தலிலே மூன்றாம் இடத்தவரை விரும்புபவர், ‘என் வாக்கு வீணாகிவிடுமே’ என்று அஞ்சி, வெல்லக்கூடிய இருவரில் தமக்குக் குறைவாக வெறுப்புள்ளவரைத் தெரிவு செய்வர். இவ்விரு விளைவுகளையும் பிரெஞ்சு அறிஞர் மொறிஸ் டுவெர்ஜே 1951இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துக்காட்டினார். ஆதலின் ஒரு நாட்டில் இரு பெருங் கட்சிகளே உள்ளமையைக் கண்டு, அந்நாட்டு மக்களுக்கு இரு கருத்துகளே உள்ளன எனக் கொள்வது பேதைமையாகும். விருந்துக்கு வந்தோர்க்கு இட்டலியும் தோசையுமே வைத்துவிட்டு, வேறெதையும் எவரும் விரும்பவில்லை என்று சொல்வதை அஃது ஒக்கும்.

பிரித்தானியாவின் கணக்கைப் பார்ப்போம். 1951ஆம் ஆண்டுத் தேர்தலில் தொழிற் கட்சி ஏறத்தாழ 1 கோடி 39 லட்சம் வாக்குகளையும், பழைமை பேண் கட்சியும் அதன் துணைவரும் 1 கோடி 37 லட்சம் வாக்குகளையும் பெற்றனர். ஆசனங்களோ தொழிற் கட்சிக்கு 295, மற்றவர்க்கு 321. கூடிய வாக்குப் பெற்ற கட்சி எதிர்க்கட்சியாயிற்று. ஆள்வோரை மாற்றுதலாகிய முதற் பாதியிலும் இம்முறை வழுவக்கூடும் என்பதற்கு இதுவே சான்று. 1983இல் மூன்றாம் அணியாய் நின்ற கூட்டணி நூற்றுக்கு 25 வாக்குப் பெற்று 650 ஆசனங்களில் 23 மாத்திரம் அடைந்தது. நூற்றுக்கு 28 அளவில் வாக்குப் பெற்ற தொழிற் கட்சிக்கோ 209. அண்மையில், 2024இல், அதே தொழிற் கட்சி அளிக்கப்பட்ட வாக்குகளில் மூன்றிலொரு பங்கைச் சிறிதே கடந்து 411 ஆசனங்களைக் கைப்பற்றியது.

இவற்றைக் கணக்கின் விநோதங்கள் என்று தள்ளிவிடலாம். பிரித்தானியாவில் இன்று தோற்றவர் நாளை வெல்லலாம் என்னும் ஆறுதல் உண்டு. இலங்கையிலே விளைந்தது அத்தகையதன்று.

நம் நாட்டிற் கட்சிகள் எக்காலத்தும் இரண்டே இருந்தனவல்ல. இடதுசாரிக் கட்சிகள் சுதந்திரத்துக்கு முன்னரே தோன்றின. தமிழர்க்கும் மலையகத்தார்க்குந் தனிக் கட்சிகள் இருந்தன. எனினும் 1947 தொடங்கி எழுபதாண்டுகள் வரையில் அரசாங்கத்துக்குத் தலைமை தாங்கியவை ஐக்கிய தேசியக் கட்சியும், 1951இற் பண்டாரநாயக்க நிறுவிய சுதந்திரக் கட்சியுமே. 1956இல் அவர் தலைமையிலான மக்கள் ஐக்கிய முன்னணி நூற்றுக்கு ஏறத்தாழ 40 வாக்குகளைக் கொண்டு 95 ஆசனங்களில் 51ஐப் பெற்றது. நூற்றுக்கு 28 அளவில் வாக்குப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சிக்கு எட்டே ஆசனம். 1970இல் ஐக்கிய முன்னணி, மொத்த வாக்கிற் பாதியை எட்டாதிருந்தும், 151 ஆசனங்களில் 116ஐ அடைந்தது. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி பாதியைச் சற்றுக் கடந்த வாக்கினால் 168 ஆசனங்களில் 140ஐப் பெற்றது. அத்தேர்தலில் நூற்றுக்கு 30 அளவில் வாக்குப் பெற்ற சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தவை எட்டு. நூற்றுக்கு ஏழை எட்டாத தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18. தனிநாடு கேட்டு நின்ற கட்சியின் தலைவர் அந்த நாட்டுப் பாராளுமன்றத்தின் எதிர்க்கட்சித் தலைவரானார்.

மூன்றில் இரு பங்கு ஆசனம் என்பது அரசியல் அமைப்பையே மாற்றவல்லது. 1970ஆம் ஆண்டின் பெரும்பான்மை 1972ஆம் ஆண்டு அமைப்பை ஆக்கியது. சோல்பரி அமைப்பிலே சிறுபான்மையோர்க்குக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவு அதனுடன் மறைந்தது. 1977ஆம் ஆண்டின் பெரும்பான்மை 1978ஆம் ஆண்டு அமைப்பை ஆக்கியது. 1982 டிசம்பரில், தேர்தல் நடத்தாமலே பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டலாமா என்று மக்களிடம் கேட்கப்பட்டது. ஆம் என்பார்க்கு விளக்கும் இல்லை என்பார்க்குப் பானையுஞ் சின்னங்களாயின. விளக்கு வென்றது. இரு கட்சி முறையின் தலையாய பயன் எனப்படும் தேர்தலையே, அம்முறை அளித்த மிகைப் பலங் கொண்டு, ஓர் ஆளுங் கட்சி தள்ளிவைத்தது.

ஆயினும் ஆசனக் கணக்கினும் பெரிய தீங்கு வேறொன்று உண்டு. அதனை விளக்க ஒரு சிறு கதை உதவும். நீண்ட தெரு ஒன்றில் இரு கடலை வியாபாரிகள் இருப்பதாகக் கொள்வோம். இருவரும் வாங்குவோர் தொகையைக் கூட்ட எண்ணி மெல்ல மெல்ல நகர்ந்து, ஈற்றில் தெருவின் நடுவில் அருகருகே கடை விரிப்பர். ஹரல்ட் ஹொட்டலிங் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் 1929இல் இவ்வுண்மையைக் கடைகளுக்குக் கூறிக் கட்சிகளுக்கும் பொருத்திக் காட்டினார். இரு கட்சிகளும் நடுநிலையை நோக்கி நகர்வது நன்மையன்றோ எனச் சிலர் கேட்கலாம். மக்கள் ஒரே தெருவில் வாழின் நன்மையே. மொழியாற் பிரிந்த நாட்டிலோ தெருக்கள் இரண்டு. பெரிய தெருவின் வாக்கே ஆட்சியைத் தீர்மானிக்குமாயின், இரு வியாபாரிகளும் அத்தெருவின் நடுவையே தேடுவர். சிறிய தெருவில் உள்ளோரை எண்ணவேண்டிய தேவை இல்லை. அவர்களுக்கு ஒருவர் ஏதேனும் கொடுக்க முற்பட்டால், அதனையே குற்றமாகக் காட்டிப் பெரிய தெருவின் வாக்கை மற்றவர் கவர்ந்துகொள்வர். மலைநாட்டுத் தொகுதிகள் பலவற்றிலே தோட்டத் தமிழ் மக்களின் வாக்கு ஒருவேளை இதனைத் தடுத்திருக்கும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தையும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தத்தையும் கொண்டு அவ்வாக்கு முன்னரே பறிக்கப்பட்டுவிட்டது.

வரலாறு இதனைப் படிப்படியாகக் காட்டுகின்றது. சுதந்திரக் கட்சி தோன்றியபோது சிங்களமுந் தமிழும் ஆட்சி மொழிகளாதல் வேண்டும் என்றே கூறியது. ஐக்கிய தேசியக் கட்சியின் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலை வட பகுதிக்கு வந்து இரு மொழிக்கும் சம இடம் அளிப்பதாக உறுதி கூறினார். தேர்தல் நெருங்கியது. ஒரு கட்சி சிங்களம் மாத்திரம் என்றது. 1956 பெப்ருவரியிற் களனியிற் கூடிய மற்றக் கட்சியும் அதனையே ஏற்றது. ஏலத்தில் விலை கேட்பதுபோல ஒருவரையொருவர் விஞ்சினர். பொருளோ ஏலத்திற் கலந்துகொள்ளாத மூன்றாமவருடையது.

1957 யூலையிற் பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் உருவாயிற்று. எதிர்க்கட்சியிலிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தன அதனை எதிர்த்துக் கண்டிக்கு யாத்திரை புறப்பட்டார். 1958 ஏப்பிரலில், பிரதமரின் இல்லத்தின் முன்னே பிக்குகள் மறியல் செய்ய, ஒப்பந்தங் கைவிடப்பட்டது. அடுத்த மாதத்தில் நிகழ்ந்த வன்செயல்களை ஈண்டு விரிக்க வேண்டியதில்லை. 1965 மார்ச்சில் டட்லி சேனநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் உருவாயிற்று. இப்போது பாத்திரங்கள் மாறின. 1966 சனவரியில் தமிழ் மொழிப் பிரமாணங்கள் பாராளுமன்றத்துக்கு வந்தபோது, சுதந்திரக் கட்சியும் அதனோடு சேர்ந்த இடதுசாரிக் கட்சிகளும் எதிர்த்து ஊர்வலஞ் சென்றன. மாவட்ட சபை மசோதா 1968இற் கைவிடப்பட்டது. 2000 ஓகஸ்டிற் சந்திரிகா குமாரதுங்க அதிகாரப் பகிர்வு கொண்ட அரசியல் அமைப்பு மசோதாவைச் சமர்ப்பித்தார். ஐக்கிய தேசியக் கட்சியினர் சபையிலேயே அதன் பிரதிகளை எரித்தனர். ரணில் விக்கிரமசிங்க பிரதமராகிச் சமாதானப் பேச்சு நடத்தியபோது, 2003 நவம்பரில் அதே சந்திரிகா மூன்று அமைச்சுகளைத் தம் பொறுப்பில் எடுத்து, சில மாதங்களிற் பாராளுமன்றத்தைக் கலைத்தார்.

இத்தலைவர்கள் அனைவரையும் தீயோர் எனக் கூறுதல் எளிது, அது விளக்கமாகாது. ஆட்சியிலிருந்தபோது இரு கட்சிகளுந் தீர்வு ஒன்று தேவை என உணர்ந்தன. எதிர்க்கட்சியானபோது இரண்டும் அதனைத் தடுத்தன. ஆள்பவனின் தோல்வியே எதிர்ப்பவனின் ஏணியாக அமைந்த முறையிலே, நல்லது செய்வதிலும் நல்லதைத் தடுப்பதில் இலாபம் மிகுதி. நல்லவர் வரினும் இந்தக் கணக்கு மாறாது. வேறு காரணங்களும் இருந்தன என்பதை மறுக்கவில்லை. இரு கட்சிப் போட்டி அவற்றிற்கு நெய் வார்த்தது.

இதனின் வேறான வழிகள் இருந்தனவா? இலங்கையிலேயே இருந்தன. 1931 முதல் 1947 வரை நடைபெற்ற டொனமூர் அமைப்பில் அரசாங்க சபை அங்கத்தவர் அனைவரும் ஏழு நிருவாகக் குழுக்களிற் பங்குகொண்டனர். ஒவ்வொரு குழுவுந் தன் தலைவரைத் தெரிய, அவர் மந்திரியானார். எதிர்ப்பதையே தொழிலாகக் கொண்ட அணி அங்கே இல்லை. நம் மாணவர் இன்றளவும் அநுபவிக்கும் இலவசக் கல்வி, கன்னங்கரா தலைமை தாங்கிய கல்விக் குழுவின் வழியே வந்தது. ஆயினும் அவ்வமைப்பைப் பொற்காலம் எனப் போற்றுவதற்கில்லை. 1936இல் குழுத் தெரிவுகளைச் சூழ்ச்சியாக ஒழுங்குசெய்து, சிங்களவர் மாத்திரங் கொண்ட மந்திரிசபை அமைக்கப்பட்டது. கட்சி இல்லாவிடினும் பெரும்பான்மைத் தலையெண்ணிக்கை தன் வேலையைச் செய்யும் என்பதை அது காட்டிற்று.

மற்றோர் உதாரணம் கொழும்பு மத்திய தொகுதி. அதற்கு மூன்று அங்கத்தவர்; வாக்காளர்க்கு மூன்று வாக்கு; விரும்பினால் மூன்றையும் ஒருவருக்கே அளிக்கலாம். 1947இல் அங்கே தொழிற் கட்சியைச் சேர்ந்த ஏ. ஈ. குணசிங்கா, கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த பறங்கியரான பீற்றர் கெனமன், ஐக்கிய தேசியக் கட்சியைச் சேர்ந்த ரி. பி. ஜாயா ஆகிய மூவர் தெரிவாயினர். மூன்று கட்சியினர், மூன்று சமூகத்தவர், ஒரே தொகுதி. இத்தகைய தொகுதிகளை நாடெங்கும் அமைத்திருந்தால் நம் வரலாறு வேறாயிருக்குமோ என்று எண்ணத் தோன்றுகின்றது.

பல கட்சிகள் பெருகினால் ஆட்சி நிலைக்காது என்பது இரு கட்சி முறையை ஆதரிப்பார் கூறும் வலிய வாதம். பிரான்சின் நான்காம் குடியரசு 1946 முதல் 1958 வரையான பன்னிரண்டு ஆண்டுகளில் இருபதுக்கு மேற்பட்ட அரசாங்கங்களைக் கண்டது உண்மை. ஆனால் சுவிற்சர்லாந்தில் ஏழு பேர் கொண்ட ஆட்சிக் குழுவை 1959 தொடங்கி நான்கு பெருங் கட்சிகள் தமக்குள் பங்கிட்டு வருகின்றன. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம் பேசுவோர் வாழும் அந்நாட்டில் ஆட்சி குலையவில்லை. (பெண்களுக்குத் தேசிய வாக்குரிமை அளிக்க 1971 வரை தாமதித்த நாடும் அதுவே, ஆதலின் எல்லாவற்றிலும் அதனைப் பின்பற்றுக எனக் கூறமாட்டோம்.) அயர்லாந்து, பல அங்கத்தவர் தொகுதிகளையும் விருப்பு வரிசை வாக்கையும் கைக்கொண்டது. அதனை நீக்கி ஒற்றை அங்கத்தவர் முறையைப் புகுத்த ஆளுங் கட்சி 1959இலும் 1968இலும் மக்களிடம் ஒப்புதல் கேட்டது. மக்கள் இருமுறையும் மறுத்தனர். நியூசிலாந்திலே 1978இலும் 1981இலும் குறைந்த வாக்குப் பெற்ற கட்சியே அரசமைத்தது. அதனால் மனம் வெறுத்த மக்கள் 1993ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் பழைய முறையைக் கைவிட்டு, 1996 முதற் கட்சிகளின் வாக்குக்கு ஏற்ப ஆசனம் பெறும் முறையைக் கைக்கொண்டனர். ஆட்சி நிலைகுலைந்த நாடுகளாக இவற்றை எவருங் கூறார்.

இலங்கையிலும் விகிதாசாரத் தேர்தல் 1978ஆம் ஆண்டு அமைப்பினால் விதிக்கப்பட்டு, 1989இல் முதன்முறையாக நடைபெற்றது. ஆசனக் கணக்கின் கொடுமை பெரிதுங் குறைந்தது. ஆயின் மேலே கூறிய 2000ஆம், 2003ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் இம்முறை வந்த பின்னரே நிகழ்ந்தன. நாடு முழுவதும் ஒருவரையே தெரியும் சனாதிபதி தேர்தல், மக்களை மீண்டும் இரு முகாங்களாகப் பிரித்துவிட்டமை அதற்கு ஒரு காரணம். தேர்தல் முறை தாளில் மாறிவிடும். பழக்கம் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை.

இதற்கு 2024 செப்டெம்பர் மாதச் சனாதிபதி தேர்தல் நல்ல அளவுகோல். பழைய இரு கட்சிகளும் அதற்கு முன்னரே தேய்ந்துபோயின. எந்த வேட்பாளருக்கும் பாதிக்கு மேல் வாக்குக் கிடைக்காமையால், இரண்டாம் மூன்றாம் விருப்பு வாக்குகள் வரலாற்றில் முதன்முறையாக எண்ணப்பட்டன. அவ்வாறு விருப்பு வரிசையிட்டு வாக்களிக்கும் உரிமை 1982இல் நிகழ்ந்த முதலாவது சனாதிபதி தேர்தலிலேயே இருந்தது. முதல் இரு இடத்தவரும் ஒழிந்த ஏனைய வேட்பாளர்க்கு வாக்களித்தோர் ஏறத்தாழ 33 லட்சம் பேர். அவர்தம் வாக்குச் சீட்டுகளிலிருந்து முதல் இருவருக்கும் விருப்பு வாக்காகச் சேர்ந்தவை 2 லட்சத்து 73 ஆயிரம் மாத்திரமே. எஞ்சிய 30 லட்சம் சீட்டுகளிலிருந்து அவ்விருவருக்கும் விருப்பு வாக்கு எதுவுஞ் சேரவில்லை. வரிசைப்படுத்தும் உரிமை நாற்பத்திரண்டு ஆண்டுகளாகக் கையில் இருந்தும், அதனைப் பயன்படுத்தும் முறையை வாக்காளர்க்கு எடுத்துரைப்பதில் எந்தப் பெருங் கட்சியும் போதிய அக்கறை கொள்ளவில்லை.